ஸ்லோ குக்கர் சொதப்பினா, மிச்ச சாப்பாடு மக்கர் பண்ணினா என்ன பண்றது

ஸ்லோ குக்கர், அதாவது கரண்ட்ல மணிக்கணக்கா மெதுவா சமைக்கிற பீங்கான் சட்டி, அத வாங்குற எல்லாருக்கும் ஒரே கனவுதான், காலைல எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டுக் கிளம்பினா சாயங்காலம் கதவத் திறக்கும்போதே வாசனை மூக்கத் துளைக்கும், மிச்சத்த ஃபிரிட்ஜ்ல தள்ளிட்டா மறுநாளும் கவலை இல்ல. பாதி நாள் அப்படித்தான் நடக்கும். மீதிப் பாதி நாள் மூடியத் தூக்கினா கேரட் மிதக்குற வெந்நி இருக்கும். இது அந்த மீதிப் பாதி நாளுக்காக எழுதினது. உங்க சட்டில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க, வரிசையா படிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க, இது ருசிக் கோளாறா நேரக் கோளாறா? தண்ணியா இருக்கு, உப்பு கரிக்குது, சிக்கன் வறண்டு போச்சு, இதெல்லாம் ருசிக் கோளாறு, முக்காவாசி சரி பண்ணிடலாம். ஆனா சாப்பாடு சூடாவும் இல்லாம ஜில்லுன்னும் இல்லாம வெதுவெதுன்னு ரொம்ப நேரம் கிடந்துச்சுன்னா அது நேரக் கோளாறு, அதுக்கு எந்த மசாலாவும் மருந்து கிடையாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமிங்க ஜோரா பெருகும், சமைச்சு முடிச்ச சாப்பாடு அந்த சூட்டுல மொத்தமா 2 மணி நேரம் தாண்டினா கொட்டிடணும், சுத்தி வெக்கை 32 டிகிரிக்கு மேல இருந்தா 1 மணி நேரம்தான் கணக்கு. மோந்து பாத்தேன் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, ஆளப் படுக்க வைக்கிற கிருமி பல நேரம் வாசனையே காட்டாது.

மூடியத் தூக்கினா ஒரே தண்ணி

இதுதான் எல்லாரும் சொல்ற முதல் புகார். அடுப்புல வைக்கிற சட்டில தண்ணி ஆவியா போயிட்டே இருக்கும், அத மனசுல வச்சு நாம பழக்கத்துல ஒரு டம்ளர் கூடவே ஊத்துவோம். ஸ்லோ குக்கர்ல அந்தக் கணக்கு செல்லாது, மேல போற ஆவி மூடில முட்டி சொட்டு சொட்டா திரும்ப உள்ளயேதான் விழும், போதாக்குறைக்கு வெங்காயம் தக்காளி காளான் சிக்கன்னு ஒண்ணொண்ணும் தன் பங்குக்குத் தண்ணி விடும். அடுப்புல பண்ற அளவ எடுத்து அப்படியே இதுல போட்டா மூணுல ஒரு பங்கு தண்ணியக் குறைச்சிடுங்க, காளானும் பூசணியும் நிறைய இருந்தா பாதியாவே குறைக்கலாம். முதல் தடவை பாக்க, இவ்ளோ கம்மியா இருக்கே அடி பிடிச்சிடுமோன்னு பயமாத்தான் இருக்கும், பிடிக்காது.

சரி, இப்ப ஏற்கனவே தண்ணி நிக்குது. கையில நேரம் இருந்தா மூடிய ஒரு விரல் இடைவெளி விட்டு சாய்ச்சு வச்சு ஹை செட்டிங்ல முக்கா மணி நேரம் விடுங்க. நேரம் இல்லன்னா ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார அதே அளவு பச்சத்தண்ணில கட்டி இல்லாம கரைச்சு ஊத்திக் கிளறி ஹைல 20 நிமிஷம் மூடி வைங்க. தூளா மேல தூவிடாதீங்க, வெளில வெந்து உள்ள மாவாவே இருக்குற வெள்ளை உருண்டைங்கதான் கிடைக்கும். ஊத்தின உடனே கெட்டியாகலயேன்னு இன்னொரு ஸ்பூன் போடவும் கூடாது, அந்த மாவு கொதி சூட்டுக்குக் கிட்ட வந்தாத்தான் பிடிக்கும், நான் ஒரு தடவை பொறுமை இல்லாம மூணு வாட்டி கரைச்சு ஊத்திட்டு கடைசில குழம்பக் கரண்டியால வெட்டிப் பரிமாறினேன். பயறோ உருளைக்கிழங்கோ போட்டிருந்தா மாவே வேண்டாம், ஒரு கரண்டி எடுத்து மசிச்சு திரும்பக் கலந்தா போதும்.

எனக்குப் பிடிச்ச வழி வேற. பாதிச் சாற அகலமான வாணலில வடிச்சு பெரிய தீல கொதிக்க விடுவேன், பத்து நிமிஷத்துல பாதியாச் சுண்டிடும், குமிழி சின்னச் சின்னதா இருந்தது பெருசு பெருசா சோம்பேறித்தனமா வெடிக்க ஆரம்பிக்கும் பாருங்க, அதான் பதம். தண்ணி போறதோட ருசியும் கூடிடும். உப்பும் சேந்து கூடும்ங்குறத மறந்துடாதீங்க, அதனால உப்ப கடைசில பாத்துப் போடுங்க.

இன்னொண்ணு, கார்ன்ஃப்ளார் போட்டுக் கெட்டியாக்கினது மறுநாள் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தா தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும். கெட்டுப்போகல, ஆறின மாவு தான் பிடிச்சு வச்சிருந்த தண்ணியத் துப்பிடும், அவ்வளவுதான். சூடு பண்ணிக் கிளறினா ஓரளவு சேந்துக்கும். ஃப்ரீசருக்குப் போகப்போறதுன்னு முன்னாடியே தெரிஞ்சா கெட்டியாக்குற வேலைய வெளில எடுத்தப்புறம் வச்சுக்கோங்க.

கறி கரைஞ்சே போச்சு, கேரட் மட்டும் கடிக்குது

நம்ம மனசுல காய் சீக்கிரம் வேகும், கறி லேட்டாகும்னு ஒரு கணக்கு இருக்கு. இங்க அது தலைகீழ். சிக்கன் 74 டிகிரி தொட்டாலே வெந்தாச்சு, ஆனா கேரட், உருளை, பீட்ரூட் மாதிரி கெட்டிக் காய்க்குள்ள பசை மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்குற பெக்டின் இளகணும்னா 85 டிகிரிக்குப் பக்கத்துல போகணும், ஸ்லோ குக்கர் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சில மணி நேரம் எடுத்துக்கும். அதனால கெட்டிக் காய் அடியில, ஓரமா, சூடு வர்ற பக்கத்துல போகணும், கறி அதுக்கு மேல. துண்டும் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். பட்டாணி, கீரை, குடைமிளகாய் மாதிரி சாதுவான ஆளுங்கள கடைசி அரைமணில போட்டாப் போதும், காலையிலயே போட்டா சாயங்காலம் அடையாளம் தெரியாது.

தக்காளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் முதல்லயே போட்டிருந்தாலும் காய் முரண்டு பிடிக்கும், புளிப்பு பெக்டின இறுக்கிப் பிடிச்சுக்கும். வெந்தப்புறம் சேருங்க.

அடுத்த சந்தேகம் மூடி மேல. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ள சேந்த சூடு போயிடும், அது திரும்ப ஏற 20 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷம் ஆகும். எங்க வீட்டுல ஒருத்தர் கிச்சன் பக்கம் போகும்போதெல்லாம் மூடியத் தூக்கி ஆஹான்னு ஒரு மூச்சு இழுத்துட்டு வருவாங்க, அஞ்சு ஆஹாவுக்கு ரெண்டு மணி நேரம் போச்சு, அப்புறம் இன்னும் வேகலயான்னு கேக்குறதும் அவங்கதான். கண்ணாடி மூடிதான, ஆவி மறைச்சா லேசா தட்டுங்க, சொட்டு கீழ விழுந்து உள்ள தெரியும்.

இப்பவே சாப்பிடணும்னா காய மட்டும் கொஞ்சம் சாறோட ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி மைக்ரோவேவ்ல 4, 5 நிமிஷம் வச்சு எடுத்துத் திரும்பக் கொட்டுங்க, யாருக்கும் தெரியாது.

லோ, ஹை பத்தி ஒரு வார்த்தை. லோல வச்சா கம்மி சூட்டுலயே நிக்கும், ஹைல வச்சா கொதிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலான மாடல்ல ரெண்டும் கடைசில கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழ, போய்ச் சேரும். எவ்ளோ சீக்கிரம் போகுதுங்குறதுலதான் வித்தியாசம். லோல 7, 8 மணி நேரம் சொன்னா ஹைல 3, 4 மணி நேரம்னு வச்சுக்கலாம்.

கறி ரப்பரா இருக்கு, இல்லன்னா வைக்கோலா இருக்கு

ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, ரெண்டும் நேர் எதிர். முள்கரண்டியக் குத்தி லேசா திருகிப் பாருங்க. கறி கரண்டிய விடாம இழுத்துப் பிடிச்சா அது இன்னும் வேகல. வேலை செஞ்ச பாகம், அதாவது தோள், கால் மாதிரி இடத்துல தசையக் கட்டிப் பிடிச்சிருக்குற கொலாஜன்ங்குற கெட்டிப் புரதம் கரைஞ்சு ஜெலட்டினா மாறினாத்தான் மெத்துன்னு ஆகும், 70 டிகிரிக்கு மேல போய் மணிக்கணக்குல அங்கயே இருந்தாத்தான் அது நடக்கும். எட்டு மணி நேரம் ஆச்சே இன்னும் ரப்பரா இருக்கே, ஓவரா வெந்துடுச்சு போலன்னு அணைச்சிடாதீங்க, இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க. எல்லாரும் செய்ற தப்பு இதுதான், ஜெயிக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கைவிட்டுடுறது.

கரண்டிய வச்சதுமே பொலபொலன்னு பிரிஞ்சு, வாயில போட்டா நார் நாரா தொண்டையில சிக்குனா அது ஓவர். சிக்கன் பிரெஸ்ட் பீஸ்ல இது அடிக்கடி நடக்கும், அதுல கொழுப்பும் கம்மி கொலாஜனும் கம்மி. தண்ணிக்குள்ளயே கிடந்தும் எப்படிக் காயும்னு கேக்காதீங்க, சூடு ஏற ஏற தசை நார் சுருங்கி உள்ள இருக்குற ஈரத்த ஈரத்துணியப் பிழியுற மாதிரி பிழிஞ்சு வெளில தள்ளிடும், வெளில எவ்ளோ சாறு இருந்தாலும் திரும்ப உள்ள போகாது. பிரெஸ்ட் பீஸ் லோல ரெண்டரை மூணு மணி நேரம் தாண்டக்கூடாது. ஆபீஸ் போயிட்டு வர்ற நாளுக்கு தொடைப் பீஸ்தான் சரி, அது ஒரு மணி நேரம் கூடப்போனாலும் மன்னிச்சிடும்.

காஞ்சுபோனத என்ன பண்றது? முழுசா பரிமாறாதீங்க, பிச்சுப் போட்டு சூடான சாறுலயே கொஞ்சம் வெண்ணெயோ எண்ணெயோ சேத்துப் புரட்டி பத்து நிமிஷம் ஊற விடுங்க. சாண்ட்விச்சுக்கு நடுவுல வைக்க அதவிட நல்லது இல்ல.

ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறிய ஐஸ் கட்டியா அப்படியே போடுறது மட்டும் வேண்டாம். உள்ள உருகி சூடாகறதுக்குள்ள அந்த 5-60 டிகிரி ஜோன்ல மணிக்கணக்கா நிக்கும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜுக்கு மாத்தி வச்சிடுங்க.

பயறு வேகவே மாட்டேங்குது

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்த மெஷினே பயறு வேக வைக்கத்தான் பொறந்துச்சு. அமெரிக்காவுல இர்விங் நாக்ஸன்ங்குறவர் 1936ல பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டு 1940ல வாங்கினார், அவர் அதுக்கு வச்ச பேரு 'நாக்ஸன் பீனரி', பீன்ஸ் சட்டின்னு வச்சுக்கோங்க. 1970ல ரைவல் கம்பெனி அவர் பிசினஸ வாங்கி அடுத்த வருஷம் கிராக்-பாட்டுனு பேர் மாத்தி வித்ததுக்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு போச்சு. அப்படிப்பட்ட மெஷின்ல இன்னைக்கு அதிகமா பேரு கெடுறது அதே பயறாலதான்.

வேகலன்னா மூணு சந்தேகம். பயறு பழசு, எத்தனை வருஷம் அலமாரில இருந்துச்சோ. தண்ணி கடினமான தண்ணி, அதுல இருக்குற கால்சியம் தோல இறுக்கும். இல்லன்னா தக்காளியும் புளிப்பும் முதல்லயே போட்டாச்சு. முதல் ரெண்டுக்கும் ஊற வைக்கிற தண்ணில ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா உதவும், சிட்டிகைதான், ஸ்பூன் இல்ல, அதிகமானா சோப்பு ருசி வரும். உப்புப் போட்டா பயறு வேகாதுன்னு ஒரு பேச்சு உண்டு, அத நம்ப வேண்டாம், உப்புத் தண்ணில ஊற வச்சா தோல் இன்னும் மெதுவாத்தான் ஆகும்.

ராஜ்மா மட்டும் தனி கேஸ், இத கொஞ்சம் நின்னு படிங்க. பச்ச ராஜ்மாவுல லெக்டின் வகைல ஒரு விஷப் புரதம் இருக்கு, நல்லா கொதிச்சாத்தான் அழியும். ஸ்லோ குக்கர் 80 டிகிரி சுத்தியே வட்டம் போட்டுட்டு நின்னா அது அழியாது, பச்சையா இருக்குறதவிட வீரியம் கூடவே வாய்ப்பு இருக்கு. அரைவேக்காட்டுல நாலு அஞ்சு பருப்பு போதும், 1 மணில இருந்து 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி, அப்புறம் வயித்துப்போக்கு. அதனால கொறஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டி, புதுத் தண்ணில அடுப்புல தளதளன்னு 10 நிமிஷமாவது கொதிக்க விட்டுத்தான் ஸ்லோ குக்கருக்குக் கொண்டுபோகணும். நான் அரைமணி விடுவேன், கேஸ் போனா போகுது. டின்ல வர்றது ஏற்கனவே நல்லா வெந்தது, அத பயமில்லாம நேரா போடலாம். இப்ப உங்க சட்டில கொதிக்க வைக்காத ராஜ்மா பாதி வெந்து கிடந்தா ருசி பாக்கக்கூட வாயில வைக்காதீங்க, மொத்தத்தையும் அடுப்புக்கு மாத்தி அரைமணி கொதிக்க விட்டு மெத்துன்னு ஆனப்புறம்தான் சாப்பாடு.

எல்லாம் வெந்துச்சு, ருசி மட்டும் காணோம்

எட்டு மணி நேரம் வீடு முழுக்க வாசனை அடிச்சுச்சே, அந்த வாசனை எங்கிருந்து வந்துச்சு? சட்டில இருந்துதான். வீட்டுக்கு வந்தது சட்டில இல்ல. அதனால பச்சக் கொத்தமல்லி, மிளகுத்தூள், எலுமிச்சை எல்லாத்தையும் பரிமாற பத்து நிமிஷம் முன்னாடி போடுங்க. அரைச்ச தூள்ல பாதிய காலைல போட்டு பாதிய கடைசில எண்ணெயில ஒரு பொரி பொரிச்சுக் கொட்டினா ஆளே மாறிடும்.

இன்னொரு காரணம் வறுக்காம போட்டது. கறியும் வெங்காயமும் பழுப்பாகும்போது வர்ற ருசி, 1912ல மையார்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி எழுதி வச்ச அந்த ரியாக்‌ஷன், ஜரூரா நடக்க 140 டிகிரியாவது வேணும். தண்ணி இருக்குற சட்டி 100 டிகிரியத் தாண்டவே தாண்டாது, எட்டு மணி நேரம் இல்ல எட்டு நாள் வச்சாலும் அந்த ருசி வராது. காலைல அஞ்சே அஞ்சு நிமிஷம் வாணலில கறிய ரெண்டு பக்கமும் செவக்க விட்டு, அடியில ஒட்டினத கால் டம்ளர் தண்ணி ஊத்தி சுரண்டி எடுத்து அதையும் சேத்துப் போடுங்க. அவசரத்துல எல்லாத்தையும் விட்டாலும் வெங்காயத்த மட்டும் விடாதீங்க, வதக்காத வெங்காயம் சாயங்காலமும் நறுக் நறுக்குன்னு பச்ச வாடையோட உக்காந்திருக்கும்.

ருசி மொட்டையா இருந்தா பலர் உப்பத்தான் தேடுவாங்க, பாதி நேரம் குறைவது புளிப்பு. ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாத்துட்டு அப்புறம் உப்பு டப்பாவத் தொடுங்க.

உப்பு கூடிடுச்சு

உருளைக்கிழங்கு போட்டா உப்ப இழுத்துக்கும்னு சொல்லுவாங்க. அது சாற உறிஞ்சும், சாறுல இருக்குற உப்பும் கூடப்போகும், மிச்சச் சாறு அதே கரிப்புலதான் நிக்கும். அளவக் கூட்டுறதுதான் ஒரே வழி, உப்பில்லாத வேக வச்ச பயறோ காயோ தண்ணியோ சேருங்க, இல்லன்னா மொத்தத்தையும் வெறும் சோத்துக்கோ பாஸ்தாவுக்கோ சாஸா மாத்திடுங்க.

பால் திரிஞ்சு, தயிர் கட்டி கட்டியாப் போச்சு

சாப்பிட ஒண்ணும் ஆகாது, பாக்கத்தான் சகிக்காது. பாலும் தயிரும் மணிக்கணக்கா சூட்டத் தாங்காது, தக்காளி கூட சேந்தா சுத்தமா தாங்காது. கடைசி 15 நிமிஷத்துல, ரெண்டு கரண்டி சூடான சாற அதுல விட்டுக் கலந்து பழக்கிட்டு அப்புறம் சட்டில ஊத்துங்க. கொழுப்பு நிறைய இருக்குற க்ரீம் கொஞ்சம் பொறுத்துக்கும். ஏற்கனவே திரிஞ்சிருந்தா கறியையும் காயையும் எடுத்து வச்சுட்டு சாற மட்டும் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைசலோட மிக்ஸில ஒரு ஓட்டு ஓட்டிக் கொதிக்க வைங்க, முக்காவாசி தேறிடும். சூடான சாறு மிக்ஸி மூடியத் தூக்கி அடிக்கும், பாதி அளவுக்கு மேல ஊத்தாதீங்க, மூடி மேல துணி வச்சு அழுத்திக்கோங்க.

ஓரமெல்லாம் கருகி நடுவுல மட்டும் நல்லா இருக்கு

சட்டி காலியா இருந்திருக்கும். பாதில இருந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் நிரம்பியிருந்தாத்தான் சூடு ஒழுங்கா பரவும், கால் சட்டி சமைச்சா ஓரம் தீஞ்சுடும். ரெண்டு பேருக்கு ஆறு லிட்டர் சட்டி வாங்கிட்டீங்கன்னா நிறையவே சமைச்சு மிச்சத்த ஃப்ரீஸ் பண்ணுங்க, வேற வழி இல்ல. கருகின பக்கத்தச் சுரண்டாம நடுவுல இருக்குறத மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.

அளவு சரியா இருந்தும் கருகுதுன்னா, இல்ல எப்பவும் லேட்டாவே வேகுதுன்னா, மெஷினயே ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. பாதிக்கு மேல பச்சத்தண்ணி ஊத்தி, மூடி, லோல 8 மணி நேரம் விட்டு, திறந்த உடனே தெர்மாமீட்டர் விடுங்க, திறந்து வச்சுட்டுத் தேடப் போனீங்கன்னா சூடு இறங்கிடும். 85 டிகிரி சுத்தி காட்டினா மெஷின் நல்லா இருக்கு. அதுக்கு மேல நல்லா எகிறிச்சுன்னா மெஷின் சூடு கூட, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. ரொம்பக் கீழ இருந்தா அத நம்பி கறி சமைக்காதீங்க, மாத்திடுங்க.

நடுவுல கரண்ட் போயிடுச்சு

நீங்க வீட்டுல இருந்தா உடனே அடுப்புக்கு மாத்தி முடிங்க. வெளில போயிட்டு வந்து பாத்தா மெஷின்ல கடிகாரம் மினுக் மினுக்னு 12:00 காட்டுது, எவ்ளோ நேரம் போச்சுன்னு தெரியாது, ஆனா சாப்பாடு வெந்த மாதிரியே இருக்கு. கொட்டிடுங்க. மனசு கேக்காதுதான்.

ராத்திரி சட்டியோட ஃபிரிட்ஜ்ல வச்சேன், காலைல ஒரு மாதிரி இருக்கு

அந்தப் பீங்கான் சட்டி சூட்டப் பிடிச்சு வைக்கத்தான் செஞ்சது, ஃபிரிட்ஜுக்குள்ள போனாலும் அதே வேலையத்தான் பாக்கும். ஓரம் ஜில்லுன்னு இருக்கும், நடுவுல விரல விட்டா பல மணி நேரத்துக்கப்புறமும் வெதுவெதுன்னு தெரியும், அந்த நடுவுலதான் பிரச்சினை. அகலமான ஆழம் கம்மியான டப்பாவுல, அஞ்சு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல போகாம பிரிச்சு ஊத்துங்க, 2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல போகணும். முழுசா ஆறினாத்தான் உள்ள வைக்கணும்னு காத்துட்டு இருக்கவே வேண்டாம், லேசா ஆவி அடங்கினா போதும். ஃபிரிட்ஜ்ல 3, 4 நாள் தாங்கும், அதுக்கு மேலன்னா இன்னைக்கே ஃப்ரீசருக்கு அனுப்புங்க.

சட்டியோட வைக்கிறதுல இன்னொரு நஷ்டமும் உண்டு, ஜில்லுன்னு இருக்குற பீங்கான எடுத்து நேரா மெஷின்ல வச்சு ஆன் பண்ணினா டப்புன்னு ஒரு சத்தம் வரும், அடியில முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும். சூடான சட்டில பச்சத்தண்ணி ஊத்திக் கழுவினாலும் இதேதான்.

மிச்சத்த ஸ்லோ குக்கர்லயே சூடு பண்ணலாமா

கூடாது. ஜில்லுன்னு இருக்குற சாப்பாடு 60 டிகிரி தாண்டவே அதுல பல மணி நேரம் ஆகும். அடுப்புலயோ மைக்ரோவேவ்லயோ 74 டிகிரி வரைக்கும், அதாவது நடுவுலயும் ஆவி பறக்குற வரைக்கும் சூடு பண்ணுங்க, அதுக்கப்புறம் வேணும்னா ஸ்லோ குக்கர வார்ம்ல வச்சு விருந்தாளி வர்ற வரைக்கும் சூடா வச்சுக்கலாம். மைக்ரோவேவ்ல பாதில நிறுத்திக் கிளறிட்டு மறுபடி வைங்க, முடிச்சதும் 2 நிமிஷம் மூடியே விடுங்க, ஓரம் வாயச் சுடும் நடுவுல ஐஸ்ங்குற கதை வராது. சாப்பிடுற அளவ மட்டும் தனியா எடுத்து சூடு பண்ணுங்க, மொத்தத்தையும் தினம் சூடு பண்ணி ஆற வைக்கிற பழக்கம் வேண்டாம்.

சோறு கல்லு மாதிரி ஆயிடுச்சு

சோத்துல இருக்குற மாவுச்சத்து குளிர்ல திரும்ப இறுகிக்கும், ஈரம் எங்கயும் போகல, உள்ள மாட்டிக்கிச்சு. ஒரு கப் சோத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, மூடி, மைக்ரோவேவ்ல வச்சா பழையபடி பூத்து வந்துடும். ஃப்ரைட் ரைஸ் பண்றவங்களுக்கு இந்தக் கல்லுச் சோறுதான் வரம், புதுச் சோத்துல பண்ணினா களி.

ஆனா சோறு அப்பாவி இல்ல. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அதோட வித்து கொதியிலயும் சாகாது, சமைச்ச சோறு வெளில வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு விஷத்தக் கக்கும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. ராத்திரி முழுக்க குக்கர்ல கிடந்த சோத்த காலைல எவ்ளோ வறுத்தாலும் பிரயோஜனம் இல்லங்குறது அதனாலதான். ஒரு மணி நேரத்துக்குள்ள பரப்பி ஆற வச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க, ஒரு நாளுக்குள்ள தீத்துடுங்க.

மிச்ச சிக்கன்ல அட்டை மாதிரி ஒரு வாடை

கெட்டுப்போன வாடை இல்ல இது, ஆனா நேத்து ருசியும் இல்ல. வெந்த கறியில இருக்குற இரும்புச்சத்து கொழுப்ப காத்தோட சேத்து ஆக்ஸிடைஸ் பண்ணிடும், விஞ்ஞானிங்க 1958லயே இதுக்குத் தனியா ஒரு பேரு வச்சுட்டாங்க. காத்துப் படாம பாத்துக்குறதுதான் வைத்தியம், சாறுக்குள்ள முங்குற மாதிரி சின்ன டப்பாவுல விளிம்பு வரைக்கும் நிரப்பி வைங்க. வாடை வந்துட்டா அத அதே ரூபத்துல சூடு பண்ணாதீங்க, ஜில்லுன்னே பிச்சு வெங்காயம் எலுமிச்சை மிளகு போட்டு சாலட் ஆக்கிட்டா தெரியவே தெரியாது. சூடு பண்ணினாத்தான் அது வாய்க்கு வரும்.

ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா உருளைக்கிழங்கு ஸ்பாஞ்ச் மாதிரி

உருளை ஃப்ரீசருக்கு ஒத்துவராது, மசிச்சு சூப்ல கலந்துடுங்க, அடுத்த தடவை ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி பொறுக்கி எடுத்துடுங்க. பாஸ்தாவும் அப்படித்தான், தனியா வேக வச்சு அப்பப்ப சேக்கணும்.

மூணாவது நாளும் அதே குழம்பா

இது மெஷின் கோளாறு இல்ல, வீட்டுல இருக்குற மூஞ்சிங்கள்ல தெரியுற கோளாறு. முதல் நாளே மொத்தத்தையும் மசாலா போட்டு முடிச்சதுதான் தப்பு. அடுத்த தடவை கறியையும் பயறையும் உப்பு, வெங்காயம், பூண்டோட மட்டும் வேக வச்சு, அதுல மூணுல ஒரு பங்க இன்னைக்குக் காரமா தாளிச்சுக்கோங்க, மீதி வெறுமனே டப்பாவுக்குப் போகட்டும். நாளைக்கு அந்தக் கறியப் பிச்சு முட்டையோட புரட்டலாம், பயற மிளகு போட்டு சூப் ஆக்கலாம். டப்பா மூடில மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டி தேதி எழுதிடுங்க, என் ஃப்ரீசர்ல இப்பவும் ஒரு டப்பா இருக்கு, உள்ள இருக்குறது சிக்கன் சாறா ஆப்பிள் சாஸான்னு உருகினாத்தான் தெரியும்.